அழுத்தம் மாற்றக்கூடிய ஷண்ட் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமா?

தலையில் நீர் கோத்திருக்கும் உங்கள் தாயாருக்கு 'புரோகிராமபிள்' ஷண்ட் (தேங்கும் நீரை வடிக்கும், அழுத்தம் மாற்றக்கூடிய வால்வுள்ள குழாய்) வைக்கச் சொல்லியிருப்பதாகவும், அது வேண்டிய அழுத்தத்தைத் தானே அமைத்துக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக அதனுடன் வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அமைத்துக்கொள்ளாது.

மூளையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் திரவம் சுரக்கிறது. அதில் வெளியேறாமல் தேங்குவதை, தோலுக்கடியில் பதித்த வால்வு வழியாக ஒரு மெல்லிய குழாய் பெரும்பாலும் வயிற்றறைக்குள் கொண்டுசேர்க்கிறது. அந்த வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை, மீண்டும் கத்தி வைக்காமல், மருத்துவர் வெளியிலிருந்தே ஒரு காந்தக் கருவியால் மாற்றுகிறார். எனக்கு இருப்பது ஹக்கீம் என்ற வகை வால்வு. 30 முதல் 200 மில்லிமீட்டர் நீரழுத்தம் வரை அதில் 18 நிலைகள் உண்டு. மாற்றும்போது வலிப்பதில்லை.

ஆனால் உங்கள் தாயாருக்குப் பொருந்தும் நிலை எது என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லிவிடாது. அவரும் நீங்களும் சொல்வதை வைத்தே மருத்துவர் பெரிதும் முடிவு செய்வார். 'தலை வலிக்கிறது' என்பது போதாது. எழுந்து நின்றால் வலித்து, படுத்தால் குறைந்தால் திரவம் அளவுக்கு மீறி வடிகிறது என்று ஐயப்படுவார்கள். விடியற்காலையிலேயே வலியும் வாந்தியும் வந்தால் போதிய அளவு வடியவில்லை என்று கருதுவார்கள். முதியவர்களிடம் தலைவலியே இல்லாமல், நடை தளர்வதும் மறதி கூடுவதும் சிறுநீரை அடக்க முடியாமற்போவதுமே அறிகுறிகளாக இருக்கக்கூடும். அவற்றை வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள் என்பதால் தேதியிட்டு எழுதி வையுங்கள். அளவுக்கு மீறி வடிந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும் அபாயம் இருப்பதால், பல மருத்துவர்கள் உயர்ந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாகவே குறைப்பார்கள். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் என் வகை வால்வின் நிலை மாறிவிடக்கூடும். எடுத்தபின் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். காந்தத்துக்கு அசையாத புதிய வகைகளும் இருப்பதால், எது பொருத்தப்படுகிறது என்று கேட்டு, வால்வின் பெயரும் அதன் நிலையும் எழுதிய அட்டையை அவருடைய பையிலேயே வையுங்கள். கைபேசியிலும் சிறு காந்தம் இருப்பதால், அதை நான் வால்வு இல்லாத பக்கக் காதில்தான் வைத்துப் பேசுகிறேன். அதில் பாதி என் மனநிம்மதிக்காக.

காய்ச்சல், குழாய் செல்லும் இடத்தில் சிவப்பு, தொடர் வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திராமல், நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.