உணவு ஒவ்வாமை ஈரலில் ஏறுமா? சூரை மீனும் காசநோய் மாத்திரையும்

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 41. காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டாவது மாதம் நடக்கிறது. போன மாதம் ஒரு நாள் மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சூரை மீன் குழம்பும் சாப்பிட்டு இருபது நிமிடத்தில் முகமும் கழுத்தும் செக்கச் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் இரவுக்குள் அடங்கிவிட்டது. அன்று என் மாமியாருக்கும் முகம் லேசாகச் சிவந்தது. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதியின் அளவு 92 என்று வந்தது. ‘அலர்ஜி ஈரலில் ஏறிவிட்டது’ என்கிறார்கள். மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கிறேன். ஈரலைச் சுத்தப்படுத்த ஒரு மூலிகைப் பொடி வாங்கி வைத்திருக்கிறோம். மரச்சீனியும் மீனும் சேர்ந்தால் விஷமா? காசநோய் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா? 200 உணவுகளுக்கு அலர்ஜி பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் இரண்டு காரியங்கள். காசநோய் மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அந்தப் பொடியைப் பிரிக்கவே வேண்டாம். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: மாமியாருக்கும் அன்று முகம் சிவந்தது என்பது. அந்த வரியில்தான் என் கண் நின்றது. ஒவ்வாமை என்பது ஒருவருடைய உடம்பு ஓர் உணவைப் பகையாக எண்ணி வைத்திருப்பது. ஒரே சட்டியிலிருந்து உண்ட இருவருக்கு ஒரே நேரத்தில் அது வருவது அரிது. அப்படி நேர்ந்தால் சாப்பிட்டவரைச் சந்தேகிப்பதற்கு முன் சட்டியைச் சந்தேகிக்க வேண்டும். சூரை, அயலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீன் பனிக்கட்டி இல்லாமல் சில மணி நேரம் வெக்கையில் கிடந்தால், அதில் பெருகும் பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை, தோலைச் சிவக்கவும் தடிக்கவும் வைக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. மீன் நாறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உருவான ஹிஸ்டமின் அழிவதில்லை, ஆகவே சமைத்தவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. சிலருக்கு மட்டும் முதல் வாயிலேயே நல்லமிளகைக் கடித்தது போல நாக்கில் ஓர் எரிவு தெரியும்.

உண்மையான ஒவ்வாமையிலும் தோலைச் சிவக்க வைப்பது இதே ஹிஸ்டமின்தான் என்பதால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒவ்வாமையில் ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களிலிருந்து கொட்டுகிறது. அவற்றைத் தூண்டுவது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம். 1921இல் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாத தன் சக மருத்துவர் கூஸ்ட்னரின் ரத்த நீரைத் தன் தோலில் ஊசியால் ஏற்றி, பிறகு அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கு மட்டும் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைச் சுமப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் என்பதை மருத்துவ உலகம் அப்படித்தான் கண்டுகொண்டது. உங்கள் கணவருக்கு நேர்ந்ததிலோ ஹிஸ்டமின் மீனிலேயே தயாராக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் மாமியாருக்கு லேசாகவும் கணவருக்குக் கடுமையாகவும் வந்தது ஏன்? உண்ட அளவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மாத்திரை. உணவில் வரும் ஹிஸ்டமினைக் குடல் சுவரில் உள்ள டையமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி வாசலிலேயே சிதைத்துவிடும். தப்பி உள்ளே வருவதைக் கல்லீரல் முதலிய உறுப்புகளின் செல்களுக்குள் இருக்கும் இன்னொரு நொதி கவனித்துக்கொள்ளும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் இந்த முதல் நொதியைத் தடுக்கிறது. அந்த மாத்திரை எடுப்பவர்கள் சூரை போன்ற மீனை உண்டபின் இப்படிச் சிவந்து படபடத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை தொடங்குவதற்கு முன் அவர் சூரையைத் தொந்தரவின்றிச் சாப்பிட்டு வந்தவரென்றால் இந்த ஐயம் இன்னும் வலுக்கும்.

இனி ஈரல். குடலில் உறிஞ்சப்படும் சத்துகள் பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் செல்கின்றன. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த வழியில் வருவது. அன்றாடம் உண்ணும் அந்நியப் புரதங்களைப் பகையாகக் கொள்ளாமல் பழக்கிக்கொள்வதில் கல்லீரலுக்கும் பங்குண்டு. ஆனால் தடிப்பும் அரிப்புமாக வரும் சாதாரண உணவு ஒவ்வாமை கல்லீரல் செல்களை அழிப்பதில்லை. எஸ்ஜிபிடியை வாரக்கணக்கில் உயர்த்தி வைப்பதும் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரிந்து நெடுநேரம் மீளாமல் இருந்தால் கல்லீரல் செல்களுக்கு ஆக்சிஜன் போதாது. அவற்றுக்குள் ஆற்றல் கூடங்களாக இருக்கும் மைட்டோகாண்டிரியா, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செய்ய முடியாமல் திணறும். செல்கள் இறந்து அவற்றுக்குள்ளிருந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். அப்போது எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறிச் சில நாட்களில் இறங்கும். 92 என்ற எண் அந்தச் சாயலில் இல்லை.

காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் கல்லீரலுக்குச் சுமை தருபவை. லேசான எஸ்ஜிபிடி உயர்வு பலருக்கு வந்து, மருந்து தொடரும்போதே தணிந்துவிடுகிறது. பொதுவான வழிமுறைப்படி அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இயல்பு உச்ச அளவைப்போல் ஐந்து மடங்கையும், குமட்டல், வாந்தி, மஞ்சள் நிறம் போன்ற அறிகுறி உள்ளவருக்கு மூன்று மடங்கையும் தாண்டினால்தான் மருத்துவர் மருந்தை நிறுத்துவார். இயல்பு 40 என்று கொண்டால் 92 ஏறக்குறைய இரண்டே கால் மடங்கு. இதில் செய்ய வேண்டியது மறுபரிசோதனை. கூடவே பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு), ஹெப்படைடிஸ் பி, சி பரிசோதனைகளையும், கொழுப்புக் கல்லீரல் இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேனையும் கேளுங்கள். மதுப்பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பசி அடியோடு போனாலோ, சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ மறுநாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும். ஏற்கெனவே மூன்று மருந்துகளைச் சுமக்கும் ஈரலில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் கொட்டுவது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது இந்தியாவிலேயே பதிவாகியிருக்கிறது.

மரச்சீனியும் மீனும் சேர்ந்தால் விஷம் என்பது தவறு; கிட்டத்தட்ட எதிர்மாறானதே உண்மை. மரச்சீனியில், அதிலும் கசப்பு வகையில், லினமரின் என்ற பொருள் இருக்கிறது; அதிலிருந்து வெளிப்படும் சயனைடு செல்லின் மூச்சையே அடைக்கவல்லது. கிழங்கை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடும் நம் வீட்டு வழக்கம் அதில் பெரும்பகுதியை நீக்கிவிடும். மிஞ்சுவதைக் கல்லீரல், புரதத்திலிருந்து கிடைக்கும் கந்தகத்தைக் கொண்டு தீங்கு குறைந்த தையோசயனேட்டாக மாற்றுகிறது. மரச்சீனிக்கு மீன் தொட்டுக்கொண்ட நம் முன்னோர் நல்ல துணையைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகவே வெறும் கஞ்சி வேண்டாம். காசநோயில் உடம்பு தேய்கிறது. எடை கூடுவது உயிர் காக்கும் என்பதை ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. அரசும் இதற்காகத்தான் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது. பதிவு செய்யவில்லையென்றால் உடனே செய்யுங்கள். முட்டையையும் பாலையும் இதுவரை தொந்தரவின்றி உண்டவருக்கு அவற்றை நிறுத்தக் காரணமே இல்லை. 200 உணவுப் பரிசோதனைகள் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற வேறு எதிர்ப்புரதத்தை. அது அந்த உணவை நீங்கள் உண்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது; ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

மீனுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை உண்டா என்பதை அறிய, மீனுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ தோல் குத்துப் பரிசோதனையோ போதும். தோல் பரிசோதனைக்கு முன் ஏறத்தாழ ஒரு வாரம் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை எடுத்திருக்கக் கூடாது. முடிவு வரும்வரை எல்லா மீனையும் தவிருங்கள். ஒவ்வாமை இல்லை என்றானாலும் ஐசோனியாசிட் முடியும்வரை சூரை, அயலை, சாளை மூன்றும் வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால் விளமீன் போன்ற வெள்ளைச் சதை மீன்களைக் கொடுக்கலாம். எந்த மீனானாலும் சாயங்காலச் சந்தையில் மண் தூவிப் பரப்பி வைத்ததை வாங்காதீர்கள். மண்ணுக்கு மீனைக் குளிர வைக்கும் சக்தி கிடையாது. பனிக்கட்டிக்குள் புதைந்திருப்பதை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுபடி இப்படி நேர்ந்து, மூச்சு இரைத்தாலோ, குரல் அடைத்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, காரணத்தை யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். ஆஸ்பத்திரியில் முதலில் போட வேண்டியது தொடையில் அட்ரினலின் ஊசி. மருத்துவரிடம் அவர் காசநோய் மாத்திரை எடுப்பதையும், என்ன மீன், எப்போது வாங்கியது, உடன் உண்ட வேறு யாருக்கேனும் முகம் சிவந்ததா என்பதையும் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் குழம்பைக் கொட்டிவிடாமல் மூடி உறைபெட்டியில் வையுங்கள். அந்த மீன் துண்டிலேயே ஹிஸ்டமினை அளந்து பார்க்க முடியும்.