பக்கத்து வீட்டுக் கதவு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் லைனில் ஆறு வீடு. ஆறு வீட்டு ஆண்களும் ஒரே யூனிட். ஒன்பது மாதத்துக்கு முன்பு எல்லைக்குப் போஸ்டிங் ஆகி எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அன்று இரவே பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். என் பையனுக்கு நள்ளிரவில் வலிப்பு வந்தபோது அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு இரண்டு நாள் எங்கள் யாருக்கும் போன் வரவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை லைனுக்குள் வண்டி வந்தது. நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என் வீடாக இருக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அண்ணன் பிழைத்துவிட்டார், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்த அக்கா போன வாரம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. என் கணவரிடமிருந்து போன் வந்தால் உள்ளறைக்குப் போய் மெதுவாகப் பேசுகிறேன். நான் அக்காவுடன் பழகியதெல்லாம் நடிப்பா? நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா? அவர் வீட்டுச் சாவி இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த வண்டி வரும் இடத்தைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேறொரு வண்டி நினைவுக்கு வந்துவிட்டது.

1965 நவம்பரில் வியட்நாமின் இயா திராங் பள்ளத்தாக்கில் நான்கே நாட்களில் 230-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், படைமுகாமை ஒட்டிக் குடியிருந்தன. அத்தனை சாவுச் செய்திகளைக் கொண்டுசேர்க்க ராணுவத்திடம் ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. தந்திகளை டாக்ஸி ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டார்கள். தெருமுனையில் ஒரு டாக்ஸி திரும்பினால் அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போரிட்ட பட்டாலியன் ஒன்றின் தளபதி ஹால் மூர். அவர் மனைவி ஜூலி மூர். ஜூலியின் வீட்டு அழைப்பு மணியையும் ஒருநாள் ஒரு டாக்ஸிக்காரர் அடித்தார். கதவைத் திறந்தால், அவர் வழி கேட்க வந்திருக்கிறார். வேறொரு வீட்டுக்கு.

வழி சொன்ன அந்த நேரத்தில் ஜூலிக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்காதா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தந்தி இன்னொருத்தி கைக்குப் போகிறது என்பதும் அதே நேரத்தில் தெரிந்திருக்கும். அதன் பிறகு அவர் தந்தி போன வீடுகளுக்குப் போனார், இறுதிச் சடங்குகளில் போய் நின்றார், டாக்ஸியில் தந்தி அனுப்பும் வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். சீருடையில் ஆள் நேரில் வந்து செய்தி சொல்லும் முறை அங்கே நிலைபெற்றதில் அவருக்குப் பங்கு உண்டு.

போன் வராத அந்த இரண்டு நாளுக்கு வருகிறேன். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த அமெரிக்க முகாம்களில் ஒருவர் இறந்தால், அவர் வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரும்வரை முகாமின் போனையும் இணையத்தையும் அடைத்துவிடுவார்கள். கண்டவர் வாயிலிருந்து அரைகுறையாகச் செய்தி போய்விடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் ஊரில் காத்திருப்பவர்களுக்குப் போன் வராததே செய்தியாகிவிடும். யார் என்பதுதான் தெரியாது. உங்கள் லைனிலும் அந்த இரண்டு நாள் ஆறு பேரும் ஒரே வேண்டுதலைத்தான் வேண்டியிருப்பீர்கள். அக்காவும்தான் வேண்டியிருப்பார். அவருடையது பலித்து, வண்டி உங்கள் வாசலில் நின்றிருந்தால், உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் நடிப்பு என்று சொல்லியிருப்பீர்களா?

வியட்நாம் போரிலேயே இன்னொரு கதையும் உண்டு. கணவர்கள் போர்க்கைதிகளாகவோ காணாமல் போனவர்களாகவோ இருந்த பெண்களிடம், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று அரசாங்கம் சொல்லிவைத்திருந்தது. கடற்படை விமானி ஒருவரின் மனைவி சிபில் ஸ்டாக்டேல், தன்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினார். அப்படிக் கூடிப் பேசியது வளர்ந்து 1970-ல் தேசிய அளவில் ஒரு சங்கமாகப் பதிவானது. 1973-ல் 591 பேர் விடுதலையாகித் திரும்பினார்கள். சிபிலின் கணவர் ஜேம்ஸ், ஏழு வருடத்துக்கு மேல் சிறையிருந்துவிட்டு, அவர்களில் ஒருவராக வந்தார். அத்தனை வருடம் கூடவே நின்று மனு எழுதிய, பத்திரிகைக்காரர்களிடம் பேசிய எத்தனையோ பெண்களுக்கு யாரும் வரவில்லை. பூசல் இல்லாமல் இல்லை. ஆனால் சங்கம் கலையவில்லை, வராதவர்களுக்காகத் தொடர்ந்து நடந்தது. ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு விதி ஒரே மாதிரி அமையாது. வரிசையில் நிற்கும்போதே அது எல்லாருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்காதீர்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த மூச்சைப் பற்றி இப்போது அவரிடம் சொன்னால் உங்கள் பாரம்தான் இறங்கும். அவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும். கால் போன புருஷனையும் பார்த்துக்கொண்டு, உங்களுக்கும் அவர் சமாதானம் சொல்ல வேண்டுமா? பத்து வருடம் கழித்து ஒருநாள் அவரே, "அன்னிக்கு நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லக்கூடும். அப்போது சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் தப்பு என்று எனக்குப் படுவது வேறு. உள்ளறையில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறீர்களே, அது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும். மாதக்கணக்காக உங்கள் குரலைக் கேட்டுப் பழகியவருக்கு, அது திடீரென்று தாழ்ந்தால் தெரியாதா? தன்னைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பயம் வருகிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

போய்ப் பாருங்கள். முதல் மாதம் எல்லாரும் வந்திருப்பார்கள். வேலை இனிமேல்தான். வெட்டிய இடம் ஆறி, வீக்கம் வடிந்த பிறகுதான் செயற்கைக் காலுக்குச் சரியாக அளவெடுக்க முடியும். பிறகு நடக்கப் பழக மாதக்கணக்காகும். நடுவில் படிவங்கள், கையெழுத்துகள், ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். படிவத்தை வாங்கி உட்கார்ந்து நிரப்புங்கள்.

சாவியை அவர் திருப்பிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆனாலும் அதைப் போட்டுத் திறந்துகொண்டு போக வேண்டாம், தட்டவும் வேண்டாம். அந்தக் கதவில் தட்டுகிற சத்தம் கொஞ்ச நாளைக்குக் கேட்காமல் இருக்கட்டும். வாசலில் நின்று, "அக்கா, நான்தான்" என்று கூப்பிடுங்கள்.