லண்டன் சிஸ்டம் போதுமா? சதுரங்கத் தொடக்கங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (பிடோக்): வேலைக்குச் செல்லும் நான் வாரம் ஒரு மாலை மட்டும் சமூக மன்றத்தில் சதுரங்கம் ஆடுகிறேன். வெள்ளைக் காய்களுடன் ஆடும்போது, எதிராளி என்ன ஆடினாலும் ஒரே அமைப்பில் காய்களை நிறுத்தும் லண்டன் சிஸ்டம் எனக்குப் போதுமா?

பதில்: போதும், உங்களுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். சிப்பாய்கள் டி4, இ3, சி3 கட்டங்களிலும் மந்திரிகள் எஃப்4, டி3 கட்டங்களிலும் நிற்கும் இந்த அமைப்பில் மனப்பாடச் சுமை குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஒரே வகையான நடு ஆட்டம் திரும்பத் திரும்ப அமைவதால், இ5 கட்டத்தில் குதிரையை ஊன்றுவது, டி3 மந்திரியைக் கொண்டு எச்7 சிப்பாயைக் குறிவைப்பது போன்ற திட்டங்கள் உங்கள் கைக்கு விரைவில் பழகிவிடும்.

கேள்வி (ஈசூன்): "இது சோம்பேறிகளின் ஆட்டம்" என்று எங்கள் குழுவில் வலுவான ஆட்டக்காரர்கள் சொல்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 2023 உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரேன் இதே லண்டன் சிஸ்டத்தை ஆடி ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை வென்றார். 2024 இல் நம் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், இந்தியாவின் குகேஷுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்திலும் அதையே தேர்ந்தெடுத்தார்; அது சமனில் முடிந்தது. ஆனாலும் இதை நம் தரப்பு வாதமாக அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. அவரைப் போன்றவர்கள் எதிராளி தயாரித்து வந்த பாதையிலிருந்து விலகுவதற்காக இதை ஆடுகிறார்கள்; நாமோ படிக்க நேரமில்லாமல் ஆடுகிறோம்.

கேள்வி (தெம்பனிஸ்): கறுப்பு விரைவாகச் சிப்பாயை சி5 கட்டத்துக்குத் தள்ளி, ராணியை பி6 கட்டத்துக்குக் கொண்டுவந்தால் எனக்கு எப்போதும் தொல்லைதான். என்ன செய்வது?

பதில்: லண்டன் ஆடுபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இடம் இது. (கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல்; ஒவ்வோர் எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு.) 1.டி4 டி5 2.மந்திரி எஃப்4 சி5 3.இ3 குதிரை சி6 4.சி3 ராணி பி6 என்று வந்தால், 5.ராணி பி3 நல்ல பதில். கறுப்பு சி4 என்று தள்ளும். நீங்கள் ராணியை சி2 கட்டத்துக்கு இழுத்ததும் கறுப்பு தன் மந்திரியை எஃப்5 கட்டத்தில் வைத்து அதைத் தாக்கும். மந்திரி இலவசமாகக் கிடைத்ததாக எண்ணி அதை வெட்டினால், கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே புகும். ஏ1 மூலையில் உள்ள உங்கள் யானைக்குத் தப்ப வழியிருக்காது. எனவே ராணியை அமைதியாக சி1 கட்டத்துக்குக் கொண்டுசென்று, பிறகு பி3 தள்ளி அந்த சி4 சிப்பாயை அசைத்துப் பார்க்க வேண்டும். "எதை ஆடினாலும் ஒரே அமைப்பு" என்ற விளம்பரம் பொய்த்துப் போவது இங்கேதான். எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலையும் பார்த்த பிறகே உங்கள் அடுத்த காய் எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கறுப்பு ஜி6 ஆடி மந்திரியை ஜி7 கட்டத்தில் வைத்தாலும் அப்படித்தான்: டி3 மந்திரி அந்த ஜி6 சிப்பாயில் முட்டி நிற்கும் என்பதால் இ2 கட்டமே மேல். கறுப்புக் குதிரை எச்5 கட்டத்துக்கு வந்து உங்கள் எஃப்4 மந்திரியைத் துரத்தக்கூடும் என்பதால், எச்3 ஆடி அதற்கு ஒரு பின்வாசலும் திறந்து வைக்க வேண்டும்.

கேள்வி (செங்காங்): என் மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். பயிற்சியாளர் லண்டன் மட்டும் கற்றுத் தருகிறார். அது சரியா?

பதில்: என் கருத்தில் சரியல்ல. வளரும் பிள்ளைக்கு முதலில், முதல் நகர்த்தலாக சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளும் இ4 ஆட்டங்களே வேண்டும். இத்தாலியன் தொடக்கம் போன்ற திறந்த ஆட்டங்களில் காய்கள் விரைவாக மோதுவதால், இரட்டைத் தாக்குதல், கட்டிப்போடுதல், ராஜாவைப் பத்திரப்படுத்துதல் ஆகியவை கண்முன்னே நிகழும். லண்டனில் முதல் எட்டு நகர்த்தல்களை எதிராளியின் பக்கம் திரும்பாமலேயே வைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பயிற்சியாளரிடம் இதைத் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். லண்டனை இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளத் தடையில்லை.

கேள்வி (ஜூரோங்): கறுப்புக் காய்களுக்கும் இப்படி ஓர் அமைப்பு உண்டா?

பதில்: முழுமையாக இல்லை. இ4 ஆட்டத்துக்கு எதிராக காரோ-கான் தற்காப்பு, டி4 ஆட்டத்துக்கு எதிராக ஸ்லாவ் தற்காப்பு என்று பழகினால், இரண்டிலும் சி6, டி5 சிப்பாய்களே முதுகெலும்பு என்பதால் சுமை பாதியாகும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): லண்டனா, கோல் சிஸ்டமா?

பதில்: கோலும் வெள்ளைக்கான இதே போன்ற ஓர் அமைப்புதான்; ஆனால் அதில் சி1 மந்திரி இ3 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டு, இ4 தள்ளும் நாளுக்காகக் காத்திருக்கும். கறுப்பு தன் மந்திரியை முன்கூட்டியே எஃப்5 கட்டத்தில் நிறுத்திவிட்டால் அந்தத் தள்ளலே கடினமாகிவிடும். மந்திரியை முதலில் வெளியே விட்டு, பிறகு இ3 ஆடும் லண்டனையே நான் தேர்ந்தெடுப்பேன்.