பள்ளி போர்டு உறுப்பினர் யாரிடம் முதலில் பேச வேண்டும்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். நவம்பர் தேர்தலில் ஜெயித்து, ஜனவரியில் எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை மேற்பார்வையிடும் பள்ளி போர்டில் பதவியேற்றேன். பெற்றோரிடமிருந்து வாட்ஸாப்பில் தினமும் புகார் வருகிறது. ஒரு புகாரைப் பற்றிப் பள்ளி முதல்வரிடம் நேரில் போய்க் கேட்டேன். அன்று முதல் ஊர்ப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: இந்த வாரமே சூப்பரின்டென்டென்ட்டிடம் நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். "முதல்வரிடம் நேரே போயிருக்கக் கூடாது, இனி உங்களிடம்தான் வருவேன்" என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

அந்த முதல்வரின் நிலையை யோசியுங்கள். அவருக்கு மேலதிகாரி சூப்பரின்டென்டென்ட். ஆனால் அவருடைய பணி நியமனத்துக்கு ஓட்டுப் போடுவது நீங்கள். நீங்கள் சாதாரணமாகக் கேட்டாலும் அவர் காதில் அது உத்தரவாகத்தான் விழும். போர்டு உறுப்பினருக்கான நெறிமுறை நியூ ஜெர்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிகளை நிர்வகிப்பது உறுப்பினரின் வேலை அல்ல, அவை நன்றாக நடக்கின்றனவா என்று சக உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதுதான் வேலை என்கிறது அது. தனிப்பட்ட வாக்குறுதி தரக் கூடாது, புகார்களைச் சூப்பரின்டென்டென்ட்டிடம் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. மீறினால் பள்ளி நெறிமுறை ஆணையம் வரை போகும்; பதவியே பறிபோகலாம்.

நானும் போர்டில் இருந்தவள். ஒரு சனிக்கிழமை இந்தியக் கடையில் கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்து, "பஸ் நிக்கிற இடத்துக்குப் போக என் பையன் பெரிய ரோட்டைத் தாண்டணும், நீங்கதான் மாத்தித் தரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பார்த்துக்கறேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல், "பள்ளிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிட்டீங்களா? அங்க தீரலைன்னா சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுதுங்க. அதுக்கும் பதில் சரியில்லைன்னா போர்டுக்கு வாங்க" என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அதுதான் சரியான வழி.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011இல் நடைமுறைக்கு வந்த பள்ளிக் கொடுமைப்படுத்தல் தடுப்புச் சட்டப்படி, மாணவர் கொடுமைப்படுத்தப்பட்டதாக வந்த புகாரில் பள்ளி நடத்திய விசாரணையில் திருப்தி இல்லாத பெற்றோர் போர்டிடம் முறையிடலாம். அப்போது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்களில் நீங்களும் ஒருவர். ஒரு தரப்பின் கதையை வாட்ஸாப்பில் முன்பே கேட்டு ஆறுதலும் சொல்லியிருந்தால், அந்த முறையீட்டில் முடிவெடுக்காமல் விலகி உட்கார வேண்டியதுதான்.

அப்புறம், கூட்டங்கள். சூப்பரின்டென்டென்ட்டுக்குப் போர்டில் இருக்கை உண்டு, பேசும் உரிமை உண்டு, ஓட்டு இல்லை. ஊர் மக்கள் முன்னால், மைக்கில், அவர் எதிர்பாராத கேள்வியைக் கேட்டுத் திணறடிப்பதைப் போல உறவைக் கெடுப்பது வேறில்லை. கூட்டத்துக்காக உங்களுக்குத் தரும் ஆவணங்களை முன்பே படித்து, கேள்விகளை இரண்டு நாள் முன்னதாக அவருக்கும் போர்டு தலைவருக்கும் அனுப்புங்கள். எல்லா உறுப்பினருக்கும் அனுப்பி விவாதத்தைத் தொடங்கிவிடாதீர்கள். ஒன்பது பேர் கொண்ட போர்டில் ஐந்து பேர் மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ போர்டு விஷயத்தை அலசினால், போர்டு விஷயங்களை மக்கள் அறியப் பேச வேண்டும் என்கிற 1975ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டத்தோடு மோத நேரிடும்.

நல்லுறவு என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. பட்ஜெட்டில் உடன்பாடு இல்லையா, காரணம் சொல்லி எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். ஆனால் எதிர்க்கப் போகிறீர்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது போர்டு அவருடைய பணியை எழுத்தில் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு, ஆண்டுத் தொடக்கத்தில் இரு தரப்பும் பேசி முடிவுசெய்த இலக்குகளை வைத்து இருக்கட்டும். வாட்ஸாப்பில் வந்த குறைகளை வைத்து வேண்டாம்.

இந்த வாரச் சந்திப்பில் அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: அவசரம் என்றால் உங்களை எப்படி அழைப்பது? எதையெல்லாம் செய்தியில் வருவதற்கு முன் எங்கள் ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்வீர்கள்? தனியாகப் பேச அவர் தயங்கினால், போர்டு தலைவரையும் கூட உட்கார வையுங்கள்.