ஹஜிமே மொரியாசு: கேட்டவையும் சொன்னவையும்

ஜப்பான் அணியின் பயிற்சியாளர் மொரியாசுவைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, இவர் ஆடிய காலத்தில் பெரிய ஸ்டாரா? மியூராவைத் தெரியும், நகாத்தாவைத் தெரியும். இவர் பெயரைக் கேட்டதே இல்லையே?

ஸ்டார் இல்லை தம்பி. 1968இல் பிறந்து நாகசாகியில் வளர்ந்தவர். பள்ளி முடித்ததும் 1987இல் ஹிரோஷிமாவின் மஸ்தா கார் கம்பெனி அணியில் சேர்ந்தார். ஜே லீக் என்கிற தொழில்முறை லீக் அப்போது கிடையாது, எல்லாம் கம்பெனி அணிகள்தான். அந்த மஸ்தா அணிதான் பிறகு சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. அங்கே பயிற்சியாளராக இருந்த டச்சுக்காரர் ஹான்ஸ் ஊஃப்ட், 1992இல் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றதும் மொரியாசுவைக் கூப்பிட்டார். முதல் ஆட்டமே அர்ஜென்டினாவோடு. டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பது, பறித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது, இதுதான் இவர் வேலை. தேசிய அணிக்கு 35 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். உங்களுக்குப் பெயர் தெரியாததில் ஆச்சரியமே இல்லை.

கேள்வி: தோகா சோகம் என்கிறார்களே, அதில் இவருக்கு என்ன பங்கு?

1993 அக்டோபர் 28. அமெரிக்க உலகக் கோப்பைக்கான ஆசியக் கடைசிச் சுற்று. ஆறு அணிகளும் கத்தாரின் தலைநகர் தோகாவில் கூடி ஆடின. முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும் டிக்கெட். கடைசி ஆட்டத்தில் ஈராக்கை வென்றால் ஜப்பான் வரலாற்றிலேயே முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போகும். மியூராவும் நகாயாமாவும் கோல் போட, 2-1 என்று முன்னிலை. 90 நிமிடம் தாண்டியாயிற்று. ஈராக்குக்கு ஒரு கார்னர். நேராக அடிக்காமல் குட்டையாகத் தள்ளி, அங்கிருந்து உள்ளே தூக்கினார்கள். ஜாஃபர் ஓம்ரான் தலையால் முட்டினார். 2-2. கோல் வித்தியாசத்தில் தென் கொரியா உள்ளே, ஜப்பான் வெளியே.

அன்று மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் மொரியாசுவும் ஒருவர். அந்த ஆட்டம் ஜப்பான் கால்பந்தின் ஆறாத புண். ஆனால் இவரை விளங்கிக்கொள்ள எல்லாவற்றையும் தோகாவிலிருந்து தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. பத்திரிகைகளுக்கு அது வசதி. இவரைப் பயிற்சியாளராகச் செதுக்கியது ஹிரோஷிமாதான். அடுத்த கேள்வியே அதைப் பற்றி வந்திருக்கிறது, நல்லதாயிற்று.

கேள்வி: சார், ஹிரோஷிமாவில் நான்கு வருடத்தில் மூன்று லீக் பட்டம் என்று படித்தேன். அவ்வளவு பணக்கார கிளப்பா?

இல்லவே இல்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. 2012இல் இவர் பொறுப்பேற்றபோது முன்பிருந்த பயிற்சியாளர் பெட்ரோவிச் உராவா என்கிற இன்னொரு கிளப்புக்குப் போயிருந்தார். நல்ல ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக அதே உராவாவுக்குப் போனார்கள். காஷிவாகி ஏற்கெனவே போயிருந்தார், அப்புறம் மொரிவாகி, அதற்கடுத்த வருடம் கோல்கீப்பர் நிஷிகாவா. முன்வரிசையில் ஆடிய லீ தாதனாரி இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

புதிதாக வருபவர்கள் வழக்கமாக முந்தையவர் கட்டியதை இடித்துவிட்டு, தன் பெயர் தெரிகிற மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். மொரியாசு அதைத் தொடவில்லை. பெட்ரோவிச் விட்டுப்போன மூன்று டிஃபெண்டர் முறையையே வைத்துக்கொண்டார். தாக்கும் ஆசையில் பின்னால் விட்டுவைத்த ஓட்டைகளை மட்டும் அடைத்தார். முதல் வருடமே, 2012இல், கிளப்பின் முதல் லீக் பட்டம். சாத்தோ ஹிசாத்தோ 22 கோல் போட்டு லீக்கிலேயே முதலிடம். 2013இல் கடைசி நாள் வரை யோகஹாமா மரினோஸ் முன்னால் இருந்தது. அன்று அவர்கள் கவாசாகியிடம் தோற்க, ஹிரோஷிமா காஷிமாவில் 2-0 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. 2015இல் மூன்றாவது. அந்த ஆண்டே கிளப் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம்.

தேசிய அணியில் இவர் செய்ததை விட இது பெரிய சாதனை என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேள்வி: அப்படியானால் ஏன் வெளியேறினார்?

2017இல் அணி சரிந்து, கீழ் லீக்குக்குத் தள்ளப்படும் இடத்தில் கிடந்தது. ஜூலையில் விலகினார். அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் அணிக்குப் பொறுப்பு. 2018 உலகக் கோப்பையில் தேசிய அணியின் அப்போதைய பயிற்சியாளர் நிஷினோவுக்கு உதவியாளர். பெல்ஜியத்திடம் 2-0 என்று முன்னிலை பெற்று 3-2 என்று தோற்ற இரவில் பெஞ்சில்தான் இருந்தார். அது முடிந்ததும் சீனியர் அணியும் இவர் கைக்கு வந்தது. ஒலிம்பிக்கில் நான்காம் இடம், பதக்கம் இல்லை.

கேள்வி: 2021இல் ஓமனிடம் சொந்த மண்ணிலேயே தோற்றார்களே. அப்போதே இவரைத் தூக்கியிருக்க வேண்டாமா?

அன்று ஜப்பானில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். 2022 உலகக் கோப்பைக்கான ஆசியக் கடைசிச் சுற்று அது. முதல் ஆட்டத்தில் ஓமனிடம் 0-1. மூன்றாவதில் சவூதியிடம் 0-1. அடுத்து ஆஸ்திரேலியா. தோற்றால் வேலை போயிருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தேசிய கீதத்தின்போது கண் கலங்கி நின்றார். ஆனால் கீதம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். நடுக்களத்தையே மாற்றியிருந்தார். எண்டோவோடு மொரிதா, தனாகா என்று மூன்று பேர். பின்னவர்கள் இருவரும் கவாசாகியில் சேர்ந்து ஆடியவர்கள், ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குப் பாராமலே தெரியும். தனாகா எட்டாவது நிமிடமே கோல் போட்டார். 2-1. அங்கிருந்து வரிசையாக ஆறு வெற்றி, சிட்னியில் மித்தோமாவின் இரண்டு கோல்களோடு கத்தார் உலகக் கோப்பைக்கு டிக்கெட்.

கேள்வி: ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டையும் ஒரே உலகக் கோப்பையில் வென்றது குருட்டு அதிர்ஷ்டம் என்கிறான் என் நண்பன். என்ன பதில் சொல்ல?

கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்பெயினோடு பந்து ஜப்பானிடம் இருந்தது 18 சதவீதம் கூட இல்லை. இரண்டாவது கோலுக்கு மித்தோமா இழுத்த பந்து கோட்டை விட்டுப் போகவில்லை என்பது மில்லிமீட்டர் கணக்கு.

ஆனால் ஜெர்மனி ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பாதியில் 0-1, அதுவே குறைவு என்று தோன்றிய அளவுக்கு அடி. இடைவேளையில் குபோவை எடுத்துவிட்டு தோமியாசுவை இறக்கி, பின்னால் மூன்று பேர் என்று மாற்றினார். அதன்பின் மித்தோமா, அசானோ, தோஆன், மினாமினோ என்று வரிசையாகத் தாக்குபவர்களையே இறக்கினார். 75இல் தோஆன், 83இல் அசானோ. இரண்டு கோலுமே மாற்று ஆட்டக்காரர்கள் போட்டவை.

அப்புறம் அதிகம் பேசப்படாத ஒன்று. ஸ்பெயினுக்கு எதிரான அமைப்பில் ஆட்டக்காரர்களின் யோசனையும் கலந்திருந்தது. நடுக்கள ஆட்டக்காரர் கமாடா ஆடிய ஜெர்மன் கிளப் ஃபிராங்க்ஃபர்ட் அந்த ஆண்டுதான் மூன்று டிஃபெண்டர்களோடு பார்சிலோனாவை அவர்கள் மைதானத்திலேயே வென்றிருந்தது. அந்த அனுபவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நீ சொல், நான் கேட்கிறேன்" என்று சொல்லக்கூடிய பயிற்சியாளர்கள் ஆசியாவில் ரொம்பக் குறைவு.

கேள்வி: குரோஷியாவோடு பெனால்டியில் மட்டும் ஏன் அப்படிச் சொதப்பினார்கள்?

அதே குணத்தின் மறுபக்கம். யார் அடிக்கிறீர்கள் என்று ஆட்டக்காரர்களையே கை தூக்கச் சொன்னார். மினாமினோ, மித்தோமா, யோஷிதா மூவரின் அடியையும் குரோஷியக் கோல்கீப்பர் லிவாகோவிச் தடுத்துவிட்டார். அசானோ மட்டும் போட்டார். இந்த வேலையையாவது பயிற்சியாளர் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மைதான ஓரத்தில் நின்று எப்போதும் நோட்டில் என்னதான் எழுதுகிறார்?

ஆட்டத்தில் கண்ணில் படுவதை. இடைவேளையில் பேச அது உதவுமாம்.

கேள்வி: புகழ்ந்தது போதும். இவருடைய குறை என்ன?

ஆசியக் கோப்பை. இவருக்குக் கீழ் ஜப்பான் இன்னும் அதை வெல்லவில்லை. 2019 இறுதியில் கத்தாரிடம் 1-3. 2024 தொடக்கத்தில் நடந்ததில் காலிறுதியோடு சரி. ஈரான் நீளமான பந்துகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. டிஃபெண்டர் இதாகுரா தடுமாறுவது டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. பெஞ்ச் அசையவில்லை. இன்ஜுரி டைமில் பெனால்டி, 1-2. ஆட்டக்காரர்களை மாற்றியதில் தவறிவிட்டேன் என்று அவரே பிறகு சொன்னார். மொரிதாவோ, பெஞ்சிலிருந்து இன்னும் தெளிவான வழிகாட்டல் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார்.

பயிற்சியைப் பெரும்பாலும் நானாமி போன்ற உதவியாளர்களிடம் விட்டுவிடுவார். களத்தில் முடிவெடுப்பதை ஆட்டக்காரர்களிடம் விடுவார். திட்டமிட நேரம் இருக்கும்போது இது அருமையாக வேலை செய்கிறது. இருபது நிமிடத்தில் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும் என்கிற நிலையில் தாமதமாகிறது.

கேள்வி: கடைசியாக ஒன்று. இவர் அணியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மேட்ச் பார்க்கலாம் என்றால் எது? பிரேசிலா?

2025 அக்டோபரில் டோக்கியோவில் 0-2இலிருந்து 3-2 என்று பிரேசிலை வென்றது பெரிய விஷயம்தான். அதற்கு முன் 13 முறை மோதி ஒன்றில்கூட வென்றதில்லை. ஆனால் நான் 2023 செப்டம்பர் 9ஐச் சொல்வேன். வொல்ஃப்ஸ்புர்க்கில் ஜெர்மனியோடு நட்பு ஆட்டம். கத்தாரில் போலப் பதுங்கியிருந்து பாயவில்லை. 11ஆவது நிமிடமே இத்தோ கோல், 22இல் உவேதா. இரண்டாம் பாதியில் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்திப் பூட்டிவிட்டு, கடைசியில் இறங்கிய குபோ கொடுத்த பந்துகளில் அசானோவும் தனாகாவும் ஆளுக்கொன்று போட்டார்கள். 4-1. மறுநாளே ஜெர்மனி தன் பயிற்சியாளர் ஃபிளிக்கை நீக்கிவிட்டது. முழு ஆட்டம் கிடைத்தால் முழுசாகப் பாருங்கள், கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவில் எண்டோ செய்த வேலை தெரியாது.