‘ஈக்விட்டி’யைச் சமத்துவம் என்று எழுதலாமா?

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கித் தருகிறேன். அண்மையில், ‘கல்வியில் ஈக்விட்டி இல்லாமல் ஈக்வாலிட்டி வராது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. இரண்டுக்கும் ‘சமத்துவம்’ என்றே எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர், வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அகராதியிலோ ‘ஈக்விட்டி’க்குப் பங்குச் சந்தைப் பொருளும் இருக்கிறது. இதை எப்படிக் கையாள்வது?

பதில்: மெய்ப்புப் பார்த்தவர் சொன்னது சரி. ஆனால் உங்கள் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு சொற்களும், மேடு பள்ளமற்றது, சமமானது என்று பொருள்படும் ‘ஈக்வுஸ்’ என்னும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. வேர் ஒன்றாயினும் வழி பிரிந்துவிட்டது. ‘ஈக்வாலிட்டி’ இவருக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவே என்று அளவைப் பார்க்கிறது. ‘ஈக்விட்டி’ அந்த அளவு யாருடைய கைக்குப் போகிறது, அவருடைய நிலைமை என்ன என்று கேட்கிறது. பார்வையற்ற மாணவிக்கும் பார்வையுள்ள மாணவிக்கும் ஒரே அச்சுப் புத்தகத்தைக் கொடுப்பது சமம். முன்னவருக்குப் பிரெயில் புத்தகம் கொடுப்பதுதான் நியாயம்.

இந்தச் சிந்தனை பழையது. சட்டம் பொதுவாகப் பேசுவதால் சில நேரங்களில் தனி நிகழ்வுக்குப் பொருந்தாமல் போகும் என்றும், அந்தக் குறையைத் திருத்துவதே உயர்ந்த நியாயம் என்றும் அரிஸ்டாட்டில் விளக்கினார். அதற்கு அவர் காட்டிய உவமை எனக்கு மிகவும் பிடித்தது: லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் வைத்திருந்த ஈய அளவுகோல், விறைப்பாக நிற்காமல் கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்துகொடுக்குமாம். வளைந்தாலும் அது அளவுகோல்தான் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. சலுகை, தயவு என்ற சொற்களால் ‘ஈக்விட்டி’யைப் பெயர்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் இச்சொல் ஒரு நீதிமன்ற முறைக்கே பெயராயிற்று. வழக்காறுகளையும் முன்தீர்ப்புகளையும் பின்பற்றிய பொதுச் சட்ட நீதிமன்றங்களின் இறுகிய நடைமுறையால் பரிகாரம் கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட, அம்முறையீடுகளை விசாரிக்கும் பொறுப்பு மன்னரின் உயர் அமைச்சரான சான்சலரிடம் போய், காலப்போக்கில் சான்சரி நீதிமன்றம் உருவானது. இரண்டு முறைகளும் மோதியபோது, சான்சரியின் தீர்ப்பே மேலோங்கும் என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1616இல் முடிவு செய்தார். பின்னர் 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டையும் ஒரே நீதிமன்ற அமைப்புக்குள் கொண்டுவந்தன.

பங்குச் சந்தைப் பொருளும் அதே நீதிமன்றத்திலிருந்து கிளைத்ததுதான். அடமானக் கடனைக் குறித்த நாளில் கட்டத் தவறியவர், பொதுச் சட்டப்படி நிலத்தையே இழக்க வேண்டியிருந்தது. அது நியாயமற்றது என்று கருதிய சான்சரி, தவணை கடந்த பிறகும் கடனை அடைத்து நிலத்தை மீட்க அவருக்கு உரிமை கொடுத்தது; அவ்வுரிமையும் ‘ஈக்விட்டி’ எனப்பட்டது. சொத்தில் கடன் போக உரியவருக்கு எஞ்சும் மதிப்பையும் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டின் மதிப்பு 100 என்றும் கடன் 60 என்றும் கொண்டால், மிச்சமுள்ள 40 அவருடைய ‘ஈக்விட்டி’. நிறுவனத்தின் கடன்கள் போக எஞ்சுவது பங்குதாரருக்கு உரியது என்பதும் இதே கணக்குதான். ஆகவே நிதி அறிக்கையில் பங்கு முதல், உரிமைப் பங்கு என்று இடத்துக்கேற்ப எழுதுங்கள். நியாயத்தை அங்கே இழுக்க வேண்டாம்.

நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது கொள்கை அறிக்கைகளில்தான். 1992இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாற்ற உடன்படிக்கை, நாடுகள் ‘ஈக்விட்டி’யின் அடிப்படையிலும், பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகளுக்கு ஏற்பவும் பருவநிலையைக் காக்க வேண்டும் என்கிறது. அதைச் ‘சமத்துவத்தின் அடிப்படையில்’ என்று பெயர்த்தால், நெடுங்காலம் புகையை வெளியேற்றிய நாடும் நேற்றுத்தான் மின்சாரம் கண்ட நாடும் ஒரே சுமையைத் தூக்க வேண்டும் என்றாகிவிடும். உடன்படிக்கை சொன்னதற்கு நேர் எதிரானதைத் தமிழ் வாசகர் படிப்பார். நலவாழ்வுத் துறையிலும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக 1990இல் பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் எழுதியபோது, தேவையற்றதாகவும் தவிர்க்கக்கூடியதாகவும் நியாயமற்றதாகவும் உள்ள உடல்நல வேறுபாடுகளையே ‘ஈக்விட்டி’க்கு எதிரானவையாக வரையறுத்தார். முதியவருக்கு இளைஞரைவிட நோய் அதிகம் என்பது வேறுபாடு மட்டுமே. ஏழை என்பதால் ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போவது அநியாயம்.

சட்ட நூல்களில் சிலர் ‘ஒப்புரவு’ என்று எழுதுகிறார்கள். அழகிய சொல்தான். ஆயினும் பழந்தமிழில் அது ஊருக்கு உதவி வாழ்வதையும், கிறித்தவ வழக்கில் மனம் பொருந்தி இணைவதையும் குறிப்பதால், பொது வாசகருக்கு அது தெளிவு தராது என்றே நினைக்கிறேன். ‘நியாயம்’, ‘நியாயமான பகிர்வு’ போன்றவை எல்லாருக்கும் புரியும். ‘சமத்துவம்’ என்பதை ‘ஈக்வாலிட்டி’க்கென்றே விட்டுவைக்கலாம். இன்னொரு கண்ணி: ‘இனெக்விட்டி’ என்பது நியாயமின்மை, ஓர் எழுத்து மாறி ‘இனிக்விட்டி’ என்று வந்தால் அது அக்கிரமம், தீச்செயல்.

உங்கள் வாக்கியத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கல்வி வாய்ப்புகளை அவரவர் தேவையறிந்து நியாயமாகப் பகிர்ந்தளிக்காவிட்டால், மாணவரிடையே சமத்துவம் வராது.’ மூலத்தைவிடச் சற்று நீளமாக இருக்கிறதே என்று மெய்ப்புப் பார்ப்பவர் கேட்டால், அந்த நீளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.