நுரையீரல் தமனியில் ஏன் 'அசுத்த' ரத்தம்?

வணக்கம்.

என் மகள் நர்சிங் முதலாண்டு. அவளுக்குத் துணையாக நானும் உடற்கூறியல் புத்தகத்தைப் படிக்கிறேன். நான் கணக்கு எழுதுகிறவன், உயிரியலைப் பள்ளியோடு விட்டவன். தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று படித்த நினைவு. ஆனால் நுரையீரல் தமனியில் அசுத்த ரத்தம் ஓடுகிறது என்று இந்தப் புத்தகம் சொல்கிறது. அச்சுப் பிழையா? இன்னொன்று, படங்களில் இடது வலது ஏன் மாறி இருக்கிறது? கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றும் ஒரே குடும்பமா? கடைசியாக, தந்துகி, நுண்குழாய் இரண்டில் எது சரி?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அச்சுப் பிழை இல்லை. பிழை நம் பள்ளிப்பாடத்தில் இருந்தது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

தமனி, சிரை இரண்டும் திசையைச் சொல்கிற பெயர்கள். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப்போவது தமனி, இதயத்தை நோக்கித் திரும்பக் கொண்டுவருவது சிரை. அவ்வளவுதான். நுரையீரலுக்குப் போகிற குழாய் இதயத்திலிருந்து கிளம்புவதால் அது தமனி. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளத்தான் போகிறது என்பதால் அதிலிருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. தொப்புள்கொடியிலும் இதே கதை. தாயிடமிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது அங்கே சிரைதான்.

'அசுத்தம்' என்ற சொல்லையே நான் விட்டுவிடச் சொல்வேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடலைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில்கூட, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சுமார் 75 சதவீதம் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. சாக்கடை நீர் போல ஒன்றைக் கற்பனை செய்ய வைத்துவிட்டது அந்தச் சொல்.

பழைய கிரேக்கர்கள் இதைவிடப் பெரிதாக ஏமாந்தார்கள். இறந்த உடலை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் காலியாக இருந்தன. தமனியின் சுவர் தடிப்பானது, மீள்தன்மை உள்ளது. இறந்தபின் அது சுருங்கி ரத்தத்தைச் சிரைப் பக்கம் தள்ளிவிடுகிறது. அவர்களோ அதைக் காற்றுக்குழாய் என்று நினைத்துவிட்டார்கள். தமனியை ஆங்கிலத்தில் குறிக்கும் ஆர்ட்டரி என்ற சொல்லின் கிரேக்க மூலம் மூச்சுக்குழாயையும் குறித்தது. வேடிக்கை என்னவென்றால், நம் 'தமனி'யும் 'ஊதுதல்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். தமனியில் இருப்பது ரத்தமே என்று இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் காட்டினார். ஆனால் அந்த ரத்தம் கல்லீரலில் புதிது புதிதாக உண்டாகி உடலில் செலவாகிவிடுகிறது என்றும் நம்பினார்.

அதை உடைத்தது, உங்களுக்குப் பிடிக்கும், ஒரு கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு இவ்வளவு தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் இத்தனை துடிப்பு என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி பெருக்கிப் பார்த்தார். உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் தாண்டியது. அத்தனையும் புதிதாக உண்டாக முடியாது, அதே ரத்தம்தான் சுற்றிவர வேண்டும் என்று 1628-ல் எழுதினார். இன்றைய அளவில் போட்டால், துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஒரே நிமிடத்தில் கிட்டத்தட்ட 5 லிட்டர். உடலில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் மகள் படிக்கிற இரண்டு பாடங்களின் வித்தியாசமும் இங்கேதான் தெரிகிறது. எது எங்கே, எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது உடலியங்கியல். காலியான குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கேள்விக்கு வழியில்லாமல் போயிற்று.

ஈரல் விஷயமும் இதை ஒட்டியதே. கல் போல் கெட்டியானது, நுரை போல் காற்றடைத்தது என்று கண்ணாலும் கையாலும் பார்த்து வைத்த பெயர்கள். வேலையில் உறவு கிடையாது. கல்லீரல் பித்தநீர் சுரக்கும், சர்க்கரையைச் சேமிக்கும். மண்ணீரல் வயதான சிவப்பணுக்களை வடிகட்டும். நுரையீரல் காற்றை மாற்றும்.

இடது வலது குழப்பத்தில் நானே ஒரு தேர்வில் மதிப்பெண் இழந்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் உங்களுக்கு எதிரே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது என்றால் அவருடைய இடது, பார்க்கிற நம்முடையது அல்ல. நிமிர்ந்து நின்று, உள்ளங்கை முன்னால் தெரிய, கைகள் பக்கவாட்டில் தொங்க. இதுதான் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நிலை. உள்ளங்கை எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் இருந்த கட்டைவிரல் உள்பக்கம் வந்துவிடும்; முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ், சுண்டுவிரல் பக்கத்து அல்னாவின் மேல் குறுக்காகப் போய்விடும். ஒரு நிலையை முடிவு செய்யாவிட்டால் 'வெளிப்பக்க எலும்பு' என்ற சொல்லுக்கே அர்த்தம் இருக்காது. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் சொற்கள் இந்த நிலையை வைத்துத்தான்.

தந்துகி, நுண்குழாய் இரண்டும் ஒன்றுதான்: தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய். தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஹார்வி பார்க்கவில்லை. 1661-ல் தவளையின் நுரையீரலில் மால்பீகி என்ற இத்தாலிய மருத்துவர் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தது இந்தக் குழாய்களைத்தான். பெயரிலேயே உருவம் தெரிவதால் நான் நுண்குழாய் என்று எழுதுவேன். மகள் தேர்வு எழுதுவதால், அவள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே எழுதட்டும்.